20,000 பாட்டில் தண்ணீரைப் படித்த பெண்

இந்த இதழுக்கு வரும் கேள்விகளையும், கிராமங்களுக்குப் போகும்போது என் காதில் விழும் கேள்விகளையும் சேர்த்துப் பார்த்தால், சில ஆண்டுகளாக இரண்டு கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று, 'கிணத்துத் தண்ணி உப்புக் கரிக்குதுங்க மேடம், என்ன பண்றதுங்க?' என்பது. இன்னொன்று, பெண் பிள்ளையைப் பெற்றவர்கள் கேட்பது. 'பொண்ணு பிளஸ் டூ முடிச்சிருக்குதுங்க. என்னமோ சுற்றுச்சூழல் இன்ஜினீயரிங்னு சொல்லுதுங்க. அதைப் படிச்சா ஏதாச்சும் பிரயோசனம் உண்டுங்களா?'

இரண்டுக்கும் தனித்தனியே பதில் சொல்லலாம். ஆனால், இந்த இரண்டு கேள்விகளைக் கேட்கும்போதும் எனக்கு ஒரே ஒரு பெண்தான் நினைவுக்கு வருகிறார். அவர் நம் நாட்டவர் அல்ல. பிறந்து 180 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. 'சுற்றுச்சூழல் பொறியியல்' என்று இன்று நாம் சொல்லும் படிப்புக்கு அப்படி ஒரு பெயரே இல்லாத காலத்தில், அதற்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர். பெயர் எலன் ஸ்வாலோ ரிச்சர்ட்ஸ். கிணற்றை வைத்துப் பிழைக்கும் நமக்கும், பெண் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் நமக்கும் அவருடைய கதையில் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது.

தோட்டமும் மளிகைக் கடையும்

எலன், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் டன்ஸ்டபிள் என்ற சிறிய ஊரில், 1842-ம் ஆண்டு டிசம்பர் 3-ம் தேதி பிறந்தார். வீட்டுக்கு ஒரே பிள்ளை. அப்பாவும் அம்மாவும் ஆசிரியர் வேலை பார்த்தவர்கள்; கூடவே விவசாயமும் உண்டு. சிறு வயதில் எலனுக்கு வீட்டிலேயே பாடம் நடந்தது. மகள் மேலே படிக்க வேண்டும் என்பதற்காகப் பள்ளிக்கூடம் இருக்கும் வெஸ்ட்ஃபோர்டு என்ற ஊருக்குக் குடும்பமே 1859-ல் பெயர்ந்தது. அங்கே அப்பா மளிகைக் கடை வைத்தார். எலன் படித்துக்கொண்டே கடையிலும் நின்றார்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் கல்லூரிக்குப் போகப் பணம் இல்லை. பெண்களைச் சேர்த்துக்கொள்ளும் கல்லூரிகளும் அப்போது மிகக் குறைவு. எலன் பள்ளியில் பாடம் நடத்தினார். பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்லிக்கொடுத்தார். கடைக் கணக்கு பார்த்தார். நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கும் போனார். இப்படிப் பல ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்தது சுமார் 300 டாலர். அந்தப் பணத்தோடு 1868-ல் வாசர் கல்லூரியில் சேர்ந்தபோது அவருக்கு வயது 25.

'பொண்ணுக்கு 21 வயசு ஆயிடுச்சே, இனி எங்கே படிப்பு' என்று பேசுவதை இன்றும் கேட்கிறோம். அவர் தொடங்கியதே 25-ல்தான்.

வாசர் கல்லூரியில் அவருக்கு வானியல் பாடம் நடத்தியவர் மரியா மிட்செல். 1847-ல் ஒரு வால் நட்சத்திரத்தைக் கண்டுபிடித்துப் புகழ் பெற்ற பெண் விஞ்ஞானி அவர். எலனுக்கு வானியலும் பிடித்திருந்தது, வேதியியலும் பிடித்திருந்தது. கடைசியில் வேதியியலையே எடுத்துக்கொண்டார். வானத்து நட்சத்திரத்தைவிடச் சமையலறைக்கும் தண்ணீர்க் குடத்துக்கும் பக்கத்தில் இருக்கும் படிப்பு அதுதான் என்பது அவருடைய எண்ணம்.

கட்டணம் வாங்காத கல்லூரி

1870-ல் பட்டம் வாங்கியதும், வேதிப்பொருள் நிறுவனம் ஒன்றுக்கு வேலை பழக இடம் கேட்டு எழுதினார். தங்களால் சேர்த்துக்கொள்ள முடியாது, பாஸ்டனில் உள்ள தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் கேட்டுப் பாருங்கள் என்று பதில் வந்தது. அந்த நிறுவனம்தான் இன்று உலகம் முழுக்க எம்.ஐ.டி. என்று அறியப்படும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கல்வி நிறுவனம். நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. என்று நினைத்துவிட வேண்டாம், இது வேறு. அதுவரை அங்கே ஒரு பெண்ணும் படித்ததில்லை.

1870 டிசம்பரில், 'சிறப்பு மாணவி' என்ற பெயரில் இடம் கொடுத்தார்கள். கட்டணமும் வேண்டாம் என்றார்கள். வசதி இல்லாத பெண் என்று இரக்கப்பட்டுத் தள்ளுபடி செய்கிறார்கள் என்றே எலன் நினைத்தார். உண்மைக் காரணம் பின்னால்தான் தெரிந்தது. கட்டணம் வாங்கினால் அவர் பெயர் முறையான மாணவர் கணக்கில் வந்துவிடும். நாளைக்கு யாராவது 'பெண்ணை எப்படிச் சேர்த்தீர்கள்' என்று கேட்டால், 'அவர் எங்கள் மாணவியே இல்லை' என்று சொல்லிக்கொள்ள வழி வைத்திருக்கிறார்கள். இது முன்பே தெரிந்திருந்தால் போயே இருக்க மாட்டேன் என்று எலன் பிறகு சொல்லியிருக்கிறார்.

படிக்கத் தொடங்கிய சில மாதங்களில் அப்பா ஒரு விபத்தில் இறந்தார். அம்மாவைத் தனியாக விட முடியாது. வீட்டையும் பார்த்து, படிப்பையும் விடாமல் நடத்தினார். ஆய்வுக்கூடத்தில் ஊசி, நூல், கத்தரிக்கோல் எல்லாம் வைத்திருப்பார். பேராசிரியர்களுக்குக் கிழிந்ததைத் தைத்துக் கொடுப்பார். தைத்துக் கொடுக்கும் கையை வெளியே அனுப்ப யாருக்கும் மனம் வராது என்ற கணக்கு அதில் இருந்தது. அந்தக் கதையைப் படிக்கும்போது எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கும். அறிவைக் காட்டி இடம் பிடித்தவர், அந்த இடத்தைக் காப்பாற்ற ஊசியையும் எடுக்க வேண்டியிருந்தது.

1873-ல் அந்தக் கல்லூரியில் பட்டம் வாங்கினார். அங்கே பட்டம் பெற்ற முதல் பெண் அவர்தான். தொடர்ந்து ஆராய்ச்சி செய்தும் முனைவர் பட்டம் மட்டும் அவருக்குக் கொடுக்கப்படவில்லை. 1875-ல், அதே நிறுவனத்தில் சுரங்கப் பொறியியல் பேராசிரியராக இருந்த ராபர்ட் ரிச்சர்ட்ஸைத் திருமணம் செய்துகொண்டார். திருமணத்துக்குப் பிறகும் ஆய்வுக்கூடம் நிற்கவில்லை. 1876-ல் பெண்களுக்கென்றே ஒரு ஆய்வுக்கூடம் அங்கே திறக்க முன்நின்றார். அதில் சம்பளம் வாங்காமல் பாடம் நடத்தினார், கைக்காசும் போட்டார். 1883-ல் அந்தத் தனிக்கூடம் மூடப்பட்டது. அது நல்ல காரியத்துக்காக நடந்த மூடல். பெண்களும் மற்ற மாணவர்களோடு சேர்ந்தே படிக்கலாம் என்றாகிவிட்டதால், தனிக்கூடத்துக்குத் தேவையில்லாமல் போனது.

அடுத்த ஆண்டு, 1884-ல், சுகாதார வேதியியல் பயிற்றுநர் என்ற பதவி அவருக்குக் கிடைத்தது. அப்போது வயது 41. 1911-ல் இறக்கும்வரை 27 ஆண்டுகள் அதே பதவிதான்.

உப்பு என்ன சொல்லும்?

இனி தண்ணீருக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் பாஸ்டனைச் சுற்றி ஆலைகள் பெருகி, ஊர்கள் வீங்கிக்கொண்டிருந்தன. மேலே உள்ள ஊர் கழிவை ஆற்றில் விடும். கீழே உள்ள ஊர் அதே ஆற்றிலிருந்து குடிக்கும். டைபாய்டு காய்ச்சலில் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். எந்தக் கிணறு நல்லது, எந்தக் கிணறு கெட்டது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியவில்லை. தெளிந்த தண்ணீரும் ஆளைக் கொன்றது.

1887-ல் மாசசூசெட்ஸ் மாநிலச் சுகாதார வாரியம், மாநிலத்தின் தண்ணீர் முழுவதையும் சோதிக்க முடிவு செய்தது. திட்டத்துக்குத் தலைவர் தாமஸ் டிரௌன் என்ற பேராசிரியர். சோதனைக் கூடம் எலன் பொறுப்பில். ஊர் ஊராக ஆறு, ஏரி, கிணறு எல்லாவற்றிலிருந்தும் பாட்டில்கள் வந்து குவிந்தன. 20,000-க்கும் மேற்பட்ட மாதிரிகள். ஒரு மாநிலம் முழுவதற்கும் இப்படி ஒரு நீர்ச் சோதனை அமெரிக்காவில் அதற்கு முன் நடந்ததில்லை.

அந்தச் சோதனைகளில் முக்கியமான ஒன்று குளோரைடு. அதாவது, நாம் சாப்பிடும் உப்பில் இருக்கும் ஒரு பங்கு. இதன் காரணம் நம் விவசாயிகளுக்கு எளிதில் புரியும். நாம் தினமும் உப்புச் சாப்பிடுகிறோம். அது சிறுநீரில் வெளியேறுகிறது. மாட்டு மூத்திரத்திலும் அதுதான். மண்ணுக்குள் போன பிறகு மற்றவை மாறும், மட்கும், மண்ணில் ஒட்டும். குளோரைடு மட்டும் மண்ணில் ஒட்டாது, கிருமியும் அதைத் தின்னாது. தண்ணீர் போகும் இடமெல்லாம் கூடவே போகும். எனவே, கிணற்றில் குளோரைடு கூடினால், எங்கிருந்தோ கழிவு வந்து சேர்கிறது என்று சந்தேகப்படலாம்.

இதோடு அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் மூன்றையும் பார்ப்பார்கள். யூரியா போட்ட பிறகு மண்ணில் என்ன நடக்கிறதோ, அதேதான் கழிவிலும் நடக்கிறது. முதலில் அம்மோனியா, அப்புறம் நைட்ரைட், கடைசியில் நைட்ரேட். அம்மோனியா அதிகம் என்றால் கழிவு இப்போதுதான் கலந்திருக்கிறது. நைட்ரேட் அதிகம் என்றால் கலந்து நாளாகிவிட்டது. தண்ணீருக்கு நாக்கு இல்லை. ஆனால் தன் பழங்கதையை இப்படிச் சொல்லிவிடுகிறது.

குளோரைடில் ஒரு சிக்கல் இருந்தது. கடலோரத்தில் காற்றும் மழையுமே உப்பைக் கொண்டுவந்து போடும். அங்கே நல்ல கிணற்றிலும் குளோரைடு கூடுதலாகத்தான் இருக்கும். உள்நாட்டில் அதே அளவு இருந்தால் ஆபத்து. அப்படியானால் எது இயல்பு, எது கலப்படம்? இதற்கு அவர்கள் கண்ட வழிதான் இன்றும் என்னை ஆச்சரியப்படுத்துவது. கழிவு கலக்க வழியில்லாத நல்ல நீர்நிலைகளின் அளவுகளை மாநில வரைபடத்தில் குறித்தார்கள். சம அளவு உள்ள இடங்களைக் கோடு போட்டு இணைத்தார்கள். கடற்கரையை ஒட்டி ஒரு கோடு, அதற்கு உள்ளே ஒன்று, அதற்கும் உள்ளே ஒன்று என்று வரிசையாக வந்தது. 'இயல்பு குளோரின் வரைபடம்' என்று அதற்குப் பெயர். இனி யார் ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுவந்தாலும், அந்த ஊர் எந்தக் கோட்டில் இருக்கிறது என்று பார்த்தால் போதும். கோட்டுக்கு மேலே போயிருந்தால் அந்தத் தண்ணீரில் மனிதக் கை பட்டிருக்கிறது.

இந்த ஆய்வுகளின் பயன் தாளோடு நிற்கவில்லை. லாரன்ஸ் என்ற ஊரில் 1887-ல் தண்ணீரையும் கழிவுநீரையும் சுத்திகரிப்பதற்கான சோதனை நிலையம் அமைந்தது. 1893-ல் அந்த ஊருக்குப் பெரிய மணல் வடிகட்டி கட்டினார்கள். டைபாய்டு சாவுகள் வெகுவாகக் குறைந்தன. எலனிடம் தண்ணீர்ச் சோதனை கற்ற இளைஞர்கள் பல ஊர்களுக்குக் குடிநீர்ப் பொறியாளர்களாகப் போனார்கள். வீட்டையும் காற்றையும் தண்ணீரையும் உணவையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். 'சூழலியல்' என்பதைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லை 1892-ல் அமெரிக்க மக்கள் முன் எடுத்து வைத்தவரும் அவர்தான். 1910-ல் ஸ்மித் கல்லூரி அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் கொடுத்தது. அடுத்த ஆண்டு மார்ச் 30-ம் தேதி காலமானார்.

எங்கள் ஊர்க் கிணற்றில்

நான் வேளாண்மைப் பட்டப்படிப்பு படித்தபோது எங்கள் வகுப்பில் பெண்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான். மண், நீர்ச் சோதனைச் செய்முறை வகுப்பில் முதன்முதலாக குளோரைடு பார்த்தது நன்றாக நினைவிருக்கிறது. குடுவையில் தண்ணீர், அதில் சில சொட்டுப் பொட்டாசியம் குரோமேட். மஞ்சளாக இருக்கும். மேலேயிருந்து சில்வர் நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ஒரு சொட்டில் செங்கல் நிறம் எட்டிப் பார்க்கும். அங்கேயே நிறுத்தி, எவ்வளவு இறங்கியது என்று குறிக்க வேண்டும். எலன் காலத்திலேயே இருந்த முறை இது. இன்றும் பல ஆய்வுக்கூடங்களில் இதுதான்.

வேலைக்கு வந்த புதிதில், வயலில் போய் நின்றால் என்னைத் தாண்டிப் பின்னால் பார்ப்பார்கள். 'சார் வரலீங்களா?' என்று கேட்பார்கள். நான் பதில் பேசுவதில்லை. பையிலிருந்து உப்புத்தன்மை பார்க்கும் மீட்டரை எடுத்து, அவர்கள் கிணற்றுத் தண்ணீரையும் பக்கத்துத் தோட்டத்துத் தண்ணீரையும் இரண்டு டம்ளரில் வைத்து அளந்து காட்டுவேன். எண்ணைப் பார்த்ததும் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும். 'அவுங்க கிணத்துல ஏனுங்க கம்மியா இருக்குது?' என்று கேட்கத் தொடங்குவார்கள். அதற்கு அப்புறம் சார் வேண்டியிருக்காது.

தண்ணீர் மாறுவதை வீட்டில் முதலில் கண்டுபிடிப்பது பெண்கள்தான் என்பதையும் நான் பார்த்திருக்கிறேன். பருப்பு வேகவில்லை, சோப்பு நுரைக்கவில்லை, குண்டானில் வெள்ளையாகப் படிகிறது என்று அவர்கள் சொல்வதெல்லாம் சோதனை முடிவுகள்தான். எண் மட்டும்தான் இல்லை.

நான் வேலை பார்த்த ஒன்றியத்தில் ஒரு தோட்டத்து வீடு. கட்டுத்தறியும் எருக்குழியும் குடிதண்ணீர்க் கிணற்றுக்கு இருபது அடி தூரத்தில். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. ஆனாலும் அந்த வீட்டு அம்மாவுக்கு மனசு ஒப்பவில்லை. 'மழைக்கு அப்புறம் ருசி மாறுதுங்க மேடம்' என்றார். பிளஸ் ஒன் படிக்கும் மகள்தான் பாட்டில் கழுவி மாதிரி எடுத்துக் கொடுத்தாள். அந்தக் கிணறு ஒன்று, கொஞ்சம் தள்ளி எருக்குழி இல்லாத பக்கத்தில் இரண்டு கிணறுகள். மூன்றையும் அனுப்பினோம். இந்தக் கிணற்றில் மட்டும் குளோரைடும் நைட்ரேட்டும் மற்ற இரண்டையும்விட வெகுவாகக் கூடியிருந்தன. நைட்ரேட் குடிநீர் எல்லையான 45-ஐத் தாண்டியிருந்தது. கைக்குழந்தை உள்ள வீடு அது. குழந்தைக்கு வேறு தண்ணீர் ஏற்பாடு செய்துவிட்டு, எருக்குழியைப் பள்ளமான பக்கத்துக்கு மாற்றி, அடியில் தளம் போட்டார்கள். இரண்டு மழைக்காலம் கழிந்த பிறகு அளவு இறங்கத் தொடங்கியது. அந்தப் பெண் மூன்று கிணற்றின் அளவுகளையும் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். மாசசூசெட்ஸ் முழுக்கச் செய்ததை அவள் மூன்று கிணற்றுக்குச் செய்திருந்தாள்.

எழுதி வைத்த எண்ணுக்கு என்ன பலம் என்பதை நம் நாட்டிலும் பார்த்திருக்கிறோம். பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்றும்போது நிறைய உப்புச் சேர்ப்பார்கள். திருப்பூர்ச் சாயக்கழிவில் இருந்த அந்த உப்புதான் நொய்யலில் இறங்கி, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, ஆயக்கட்டு நிலத்தையும் கிணறுகளையும் கெடுத்தது. பாசன விவசாயிகள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2006-ல் தீர்ப்பு வந்தது. கழிவை வெளியே விடக்கூடாது என்ற உத்தரவு நிறைவேறாததால், 2011-ல் சாய ஆலைகளை மூடவே நீதிமன்றம் உத்தரவிட்டது. 'தண்ணி கெட்டுப்போச்சு' என்று சொன்னால் 'இல்லை' என்று ஒருவர் சொல்லிவிடலாம். தேதி போட்ட ஆய்வு அறிக்கையை அப்படித் தள்ளிவிட முடியாது.

நீங்கள் செய்ய வேண்டியது

நம் ஊரில் குளோரைடு கூடப் பல காரணங்கள் உண்டு. பாறையின் தன்மை, கடல்நீர் உட்புகுதல், வயலுக்குப் பாய்ச்சிய தண்ணீர் உப்போடு திரும்ப இறங்குவது, ஆலைக்கழிவு, வீட்டுக்கழிவு என்று எதுவாகவும் இருக்கலாம். அதனால், ஒரே ஒரு சோதனையை வைத்து முடிவுக்கு வரக் கூடாது. உங்கள் கிணற்றுக்கு இயல்பு எது என்று முதலில் தெரிய வேண்டும். கோடையில் ஒருமுறை, மழைக்குப் பிறகு ஒருமுறை என்று ஆண்டுக்கு இரண்டு முறை சோதித்து எழுதி வையுங்கள். பக்கத்துக் கிணறுகளையும் சேர்த்துச் சோதித்தால் இன்னும் நல்லது.

மாதிரி எடுக்கும்போது மோட்டாரைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டுப் பிறகு பிடியுங்கள். சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசிவிட்டு, கழுத்துவரை நிரப்பி மூடுங்கள். மருந்து, எண்ணெய் இருந்த பாட்டில் வேண்டாம். பெயர், ஊர், சர்வே எண், கிணற்றின் ஆழம், பயிர், தேதி எல்லாம் எழுதி ஒட்டுங்கள். அன்றைக்கே அல்லது மறுநாளே ஆய்வுக்கூடத்தில் சேர்த்துவிடுங்கள்.

பாசனத் தண்ணீரை வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுக்கலாம். குடிதண்ணீரைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் கொடுக்க வேண்டும். கிருமிச் சோதனை என்றால் அவர்கள் கொடுக்கும் பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும். குடிநீரில் குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழி இல்லாத இடத்தில் 1,000 வரை அனுமதி. நைட்ரேட் 45-ஐத் தாண்டவே கூடாது. நைட்ரேட் உள்ள தண்ணீரைக் காய்ச்சினால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். காய்ச்சினால் கிருமிதான் சாகும். தண்ணீர் சுண்டச் சுண்ட நைட்ரேட் கூடத்தான் செய்யும். செப்டிக் டேங்க் உறிஞ்சுகுழியும் எருக்குழியும் குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது 60 அடியாவது தள்ளி, தாழ்வான பக்கத்தில் இருக்கட்டும்.

பெண்ணைப் படிக்க வைக்கலாமா?

மூன்று கிணற்று நோட்டு வைத்திருந்த அந்தப் பெண் இப்போது பிளஸ் டூ முடித்துவிட்டாள். சுற்றுச்சூழல் பொறியியல்தான் வேண்டும் என்கிறாள். அவளுடைய அப்பா இன்னும் முடிவு சொல்லவில்லை. அவரிடம் சொன்னதையே உங்களிடமும் சொல்கிறேன்.

கணினிப் படிப்பு போல, முடித்த கையோடு பெரிய சம்பளம் வரும் என்று நான் சொல்ல மாட்டேன். இது பொறுமை வேண்டிய துறை. பலர் சிவில் பொறியியலில் பி.இ. முடித்து, எம்.இ.யில் சுற்றுச்சூழல் பொறியியல் எடுக்கிறார்கள். அண்ணா பல்கலைக்கழகத்திலும் ஐ.ஐ.டி. மெட்ராஸிலும் இதற்கு மேற்படிப்பும் ஆராய்ச்சியும் உண்டு. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் அறிவியல் துறை இருக்கிறது. ஆராய்ச்சி என்றால் நாக்பூரில் 1958-ல் தொடங்கிய தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. வேலை என்று பார்த்தால் குடிநீர் வாரியம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், நகராட்சிகளின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்கள், ஆலைகள், தனியார் ஆய்வுக்கூடங்கள் என்று இடங்கள் உண்டு. தண்ணீர் குறையக் குறைய இந்த ஆட்களின் தேவை கூடத்தான் செய்யும்.

பணம்தான் தடை என்றால் அதற்கும் வழி இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்குப் பொறியியல், வேளாண்மை போன்ற தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அதற்குத் தனிச் சலுகை உண்டு. எம்.இ. படிக்கும்போது கேட் தேர்வில் தகுதி பெற்றிருந்தால் உதவித்தொகை வரும். விதிகளைப் பள்ளியிலும் கலந்தாய்வு மையத்திலும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

எலன் 300 டாலர் சேர்க்கப் பல ஆண்டுகள் பாடுபட்டார். சேர்ந்த இடத்தில் மாணவி என்றே கணக்கில் எழுதவில்லை. உழைத்த பல ஆண்டுகளுக்குச் சம்பளம் இல்லை. அவருக்கு மறுக்கப்பட்ட அத்தனையும் இன்று நம் பெண்களுக்குச் சட்டப்படி திறந்திருக்கிறது. இன்னமும் மூடியிருப்பது பல வீடுகளில் வீட்டு வாசல் மட்டும்தான். அதைத் திறக்க அரசாணை தேவையில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிணற்றடியில் வளர்ந்த பெண்ணுக்கு இந்தப் படிப்பில் ஒரு சாதகம் இருக்கிறது. எந்த மாதத்தில் தண்ணீர் இறங்கும், எந்த மழைக்கு ஊறும், எருக்குழி எங்கே கசியும் என்பதெல்லாம் அவளுக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டியதில்லை. அந்த அனுபவத்தோடு அளக்கவும் கற்றுக்கொண்டால், நாளை உங்கள் ஊர்த் தண்ணீருக்காக அதிகாரிகள் முன்னால் நின்று பேச வெளியூர் ஆளைத் தேட வேண்டியிருக்காது.

உங்கள் கிணற்று ஆய்வு அறிக்கையில் ஏதாவது எண் புரியவில்லை என்றால், அதை அப்படியே நகல் எடுத்து இந்த இதழின் கேள்வி-பதில் பகுதிக்கு அனுப்புங்கள். விளக்கம் எழுதுகிறேன். அனுப்பும் கடிதத்தை வீட்டில் படிக்கிற பெண்ணைக் கொண்டு எழுதச் சொன்னால் எனக்கு இன்னும் சந்தோஷம்.